ஆண்டவன் எந்தக் காலம்?

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றார் ஏகம்பர்.

ஏகம்பர் கோயில் ஓதுவார். ஊரைப் புதிதாகப் பிடித்திருந்த அரசனுக்குப் பயந்து, பரிசல் ஏறி, ஆற்று நடுவில் இருக்கும் திட்டுக்கு வந்திருந்தார். அங்கே ஒரு குடிசையில் ஆவுடையம்மை இருந்தார். ஏகம்பரைவிட வயதில் இளையவர். ஆனாலும் ஏகம்பருக்கு அவர்தான் குரு.

மார்கழி மாதத்துச் சாயங்காலம். பனி இறங்கி இரண்டு கரைகளையும் மறைத்துவிட்டது. திட்டு மட்டும் தனியாக எங்கோ மிதந்து போவதுபோல் இருந்தது.

ஆவுடையம்மை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"என்ன பயம்?"

"அரண்மனைப் புலவர் ஒருத்தர் சபையிலே கேட்டார். 'ஆண்டவன் ஆண்டவன்னு பாடறீரே, அது என்ன காலம்?' இறந்தகாலம்னு சொன்னேன்."

"ம்."

"'அப்போ உம்ம சாமி ஆண்டு முடிச்சுட்டார். இப்போ ஆள்றவர் நம்ம அரசர்தான். அவரைப் பாடும்'னார். சபையே சிரிச்சுது."

இலக்கணம் படித்தவர்களில் சிலருக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கோட்டை விடுவார்கள். ஏகம்பரும் இலக்கணம் படித்தவர்தான். அதனால்தான் அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டார்.

"நாளைக் காலைப் பூசையிலே அரசரைப் பாடணுமாம். இல்லைன்னா நாக்கை அறுத்துடுவாங்களாம்."

சொல்லும்போதே அவருக்கு நாக்கு உலர்ந்தது. பாடுகிறவருக்கு அதைவிட்டால் வேறு என்ன இருக்கிறது?

"ஒரு வழி தோணுது அம்மா. ஆண்டவன்ங்கிற சொல்லை எடுத்துட்டு, ஆள்பவன்னு பாடிடறேன். சாமிக்கும் பொருந்தும். அரசர் தன்னைத்தான் பாடறேன்னு நினைச்சுப்பார். நாக்கும் தப்பும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஆவுடையம்மை பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கஞ்சிக்கு உப்பு இல்லை."

ஏகம்பருக்கு எரிச்சலாக வந்தது. இங்கே நாக்கு போகப்போகிறது, இந்த அம்மாவுக்கு உப்புக் கவலை.

ஆவுடையம்மை எழுந்து தண்ணீர் ஓரமாகப் போய் நின்றார். பனியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாரப்பா! கொஞ்சம் உப்பு எடுத்துக்கிட்டு வாப்பா!"

அக்கரையிலிருந்து பரிசல்காரனின் குரல் மட்டும் வந்தது.

"இந்தா, வந்துட்டேன் தாயி!"

இருவரும் காத்திருந்தார்கள். பனி அசையவில்லை. துடுப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"வந்துட்டேன்கிறான், ஆளைக் காணோமே" என்றார் ஆவுடையம்மை. "பொய் சொல்றானோ?"

"மாரப்பனா? அவன் எதுக்கு அம்மா பொய் சொல்றான்? அவன் வர்றது நிச்சயம். நிச்சயமா இருந்தா, 'வந்துட்டேன்'னுதானே நாம எல்லாருமே சொல்லு..."

ஏகம்பர் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஆவுடையம்மை திரும்பிப் பார்க்கவில்லை.

ஏகம்பர் தனக்குள் "ஆண்டவன்" என்று சொல்லிப் பார்த்தார். விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவரும் சொல்தான். இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னார். கண்ணில் நீர் கட்டியது. சந்தோஷமாகவும் இருந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அதுவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

பனியை விலக்கிக்கொண்டு பரிசல் வந்தது. மாரப்பன் மடியில் உப்புப் பொட்டலம் இருந்தது. அவனுக்குப் பின்னால் அரண்மனைக் காவலர் இருவர் இருந்தார்கள்.

"இங்கேயா ஒளிஞ்சிருக்கீர், ஓதுவாரே?" என்றான் ஒருவன். "அரசர் இப்பவே கேட்டுக்கிட்டு வரச் சொன்னார். நாளைக்கு யாரைப் பாடப்போறீர்?"

ஏகம்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பரிசலில் ஏறி உட்கார்ந்தார்.

"நாளைக்கா?" என்றார். "நாளைக்கு ஆண்டவனைப் பாடிட்டேன்."