கோரையை வளைத்த உள்ளான்

உப்பங்கழி ஓரத்தில் ஓர் உள்ளான் பறவைக் கூட்டம் குளிர்காலத்தைக் கழித்தது. கோடை வெயில் ஏறியதும் அவை கடல் தாண்டி வடக்கே போய்க் கூடு கட்ட வேண்டும். வழியில் இறங்க இடமில்லை, தின்ன ஒன்றுமில்லை. உடம்பில் சேர்த்த கொழுப்புதான் கட்டுச்சோறு.

புறப்படும் முன் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பறவையும் ஒரு கோரைத் தண்டின்மேல் ஏறி நிற்கும். தண்டு வளைந்து தண்ணீரைத் தொட்டால் அது பயணத்துக்குத் தயார். தொடாவிட்டால் அந்த வருஷம் கழியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

சிறுகாலி என்ற பெண் உள்ளான் விடிந்ததிலிருந்து சேற்றைக் கிளறிப் புழுவும் கூனியிறாலும் பொறுக்கித் தின்றாள். அவள் புருஷன் நெடுமூக்கனுக்கு அந்தப் பொறுமை இல்லை. கரையில் ஒரு பஜ்ஜிக் கடை இருந்தது. திரும்பத் திரும்பக் காய்ந்து கறுத்துப்போன எண்ணெயின் அடியில் தங்கும் தூளைக் கடைக்காரர் மணலில் கொட்டுவார். சும்மா கிடைத்த அந்த விருந்தை விட அவனுக்கு மனசு வரவில்லை.

“அதைத் தின்னாதீங்க. சிக்கு வாடை அடிக்குது” என்றாள் சிறுகாலி.

“கொழுப்புன்னா கொழுப்புதான். நீ நாள் பூரா சேத்துல மூக்கை விட்டுச் சேர்க்கிறதை நான் ஒரே வாயில சேர்த்துடறேன்.”

“கழியை ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள உங்களுக்கு மூச்சு வாங்குதே!”

“அது சோம்பல். நான் தயாரா இல்லையான்னு கோரை சொல்லும் பாரு.”

கோரையும் அவன் பக்கமே பேசியது. முதலில் தண்டை வளைத்தவன் அவன்தான். சிறுகாலி ஏறியபோது தண்டின் நுனி தண்ணீரை லேசாகத்தான் தொட்டது. கூட்டமே அவனைப் பாராட்டியது. தான்தான் வீணாகப் பயந்துவிட்டோமோ என்று அவளுக்கே தோன்றியது.

புறப்பட்டார்கள். கரை கண்ணை விட்டு மறைந்தது. கொஞ்ச நேரத்தில் நெடுமூக்கன் தாழத் தொடங்கினான்.

“நெஞ்சு அடைக்குது, சிறுகாலி.”

“வாங்க, திரும்பிடலாம். நானும் வர்றேன்.”

“கரை ரொம்ப தூரம். நீ போ. எனக்காக நின்னா நீயும் தண்ணிக்குள்ளதான்.”

அவள் போகவில்லை. அவனைச் சுற்றிச் சுற்றிப் பறந்தாள். ஓர் அலை எழுந்து அவனை எடுத்துக்கொண்டது. அதன்பிறகுதான் அழுதுகொண்டே வடக்கே திரும்பினாள். அவள் உடம்பில் சேர்ந்திருந்த கொழுப்பு அடுப்புத் தணல்போல நிதானமாக எரிந்து அவளைக் கரை சேர்த்தது. கூடு கட்டத்தான் துணை இல்லை.

மறுவருஷம் கூட்டம் கழிக்குத் திரும்பியது. நெடுமூக்கனை நினைத்து எல்லாருக்கும் பயம். “எங்களுக்குக் கொழுப்பே வேண்டாம்” என்று வெறும் பாசியைக் கொத்தத் தொடங்கினார்கள்.

சிறுகாலிக்குக் கோபம் வந்தது. “அப்போ எதை வச்சுக் கடலைத் தாண்டுவீங்க? அவரைக் கொன்னது கொழுப்பு இல்லை. அந்தக் கறுத்த எண்ணெய்.”

கூட்டம் மறுபடி சேற்றில் இறங்கியது. புறப்படும் நாள் வந்தபோது சிறுகாலி கோரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஏற வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, சிக்கு வாடை அடிக்கிறதா என்று முதலில் அலகை முகர்ந்து பார்த்தாள்.

உடம்புக்குக் கொழுப்பு வேண்டும். ஆனால் அது எவ்வளவு சேர்ந்தது என்பதைவிட எதிலிருந்து சேர்ந்தது என்பதுதான் நம்மைக் கரை சேர்க்கும்.