மூச்சுக்குச் சேகண்டி அடித்த அரசன்

முகில்கள் யாரையும் கேட்காமல் அரண்மனைக்குள் நுழைந்து, தூண்களைத் தடவிவிட்டு மறுவாசல் வழியே போய்விடும் மலைநாடு ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது. அதைக் குவளைமாறன் என்ற அரசன் ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை, மாலையில் வேறோர் ஆசை. ஒருமுறை முகிலுக்கெல்லாம் பெயர் வைக்கச் சொன்னான். வைப்பதற்குள் அவை கலைந்து போயின, நாடு பிழைத்தது.

அவனுக்கு ஒரு குறை வந்தது. எழுந்தால் சோர்வு, படுத்தால் தூக்கமில்லை. அரசவையில் விருபாட்சர் என்றொரு பிரபு இருந்தார். அமைச்சர் சாத்தப்பரை அரசன் கொண்டாடுவது அவருக்குப் பொறுக்காது. இதுதான் சமயம் என்று முன்னால் வந்தார்.

"அரசே, மூச்சுப் பயிற்சிதான் மருந்து. இழுக்க வேண்டும், நிறுத்த வேண்டும், மெல்ல விட வேண்டும். யோகிகள் கண்ட வழி."

இதுவரை சரிதான். இதோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"தாங்கள் மட்டும் செய்தால் தங்களுக்கு மட்டும் பலம். தங்கள் மூச்சே நாட்டின் மூச்சு என்று ஆகிவிட்டால்? நாடே சேர்ந்து இழுத்து, நாடே சேர்ந்து விட்டால் அந்தப் பலமெல்லாம் தங்களுக்கு!"

அரசன் சொக்கிப்போனான். கோட்டைக் கோபுரத்தில் பெரிய சேகண்டி ஒன்றைத் தொங்கவிட்டார்கள். ஒரு தட்டு தட்டினால் அரசனோடு ஊரே மூச்சை இழுக்க வேண்டும். மறுதட்டுக்கு நிறுத்த வேண்டும். அடுத்ததற்கு விட வேண்டும். தட்டும் அதிகாரம் விருபாட்சருக்கு. 'சுவாசாதிபதி' என்று பட்டமும் கொடுத்தாயிற்று.

ஊர் பட்ட பாட்டைக் கேட்கவேண்டுமா? மோர் விற்பவள் "மோரோ" என்று வாயெடுத்தால் "மோ"விலேயே நிற்பாள். கிணற்றடியில் சண்டை போட்டவர்கள் பாதித் திட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு முறைத்தபடி நின்றார்கள். தும்மல் வந்தவன் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். அரசனுக்கோ சோர்வு கூடியதே தவிர குறையவில்லை.

இந்த நேரத்தில்தான் கோலப்பன் மாட்டிக்கொண்டான். கோயில் நாதசுரக்காரன். சுவாமியைப் பள்ளியறைக்கு அழைத்துப்போகும்போது நீலாம்பரி ராகம் வாசித்துத் தூங்கவைப்பது அவன் வேலை. நீளமான ஒரு ராகப் பிடியின் நடுவில் சேகண்டி கேட்டது. நிறுத்த மனம் வரவில்லை, ஊதிவிட்டான். நாதசுரத்தின் ஊதுவாயான சீவாளியைப் பறித்துக்கொண்டு அவனை நாடுகடத்த வேண்டும் என்று விருபாட்சர் குதித்தார்.

மறுநாள் பிற்பகல் சபை கூடியது. வாசலில் முகில் வந்து உட்கார்ந்திருந்தது.

"ஏனப்பா, நிறுத்தவில்லை?" என்றான் அரசன்.

"மகாராசா, சாமிக்குக் கண்ணு சொருகுற நேரமுங்க. பாதியில நிறுத்துனா முழிச்சுக்கிடுமேன்னு ஊதிப்புட்டேன்." கோலப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "என்னைய எங்க வேணாலும் அனுப்புங்க. ராத்திரிக்குச் சாமிய யாரு தூங்கவைப்பா?"

 சாத்தப்பர் சிரித்த முகத்தோடு எழுந்தார்.

"தண்டனை சரிதான் அரசே. 'அரசர் மூச்சே நாட்டின் மூச்சு' என்பது சட்டம். அந்த மூச்சிலிருந்து இவன் விலகினானா என்று தீர்மானிக்க, அரசர் மூச்சை நாங்கள் கண்ணால் பார்க்கவேண்டாமா?"

ஓர் இலவம்பஞ்சை நூலில் கட்டி அரசனின் மூக்குக்கு நேரே தொங்கவிட்டார். அரசன் மூச்சை இழுத்தால் பஞ்சு உள்ளே வந்தது, விட்டால் விலகியது.

"சுவாசாதிபதி இதைப் பார்த்து மூச்சுவிட்டுக் காட்டட்டும்."

"இதென்ன பிரமாதம்?" என்றார் விருபாட்சர். "பிசகினால் இவனுக்கு என்ன தண்டனையோ அதுவே எனக்கும்."

"நல்லது," என்றார் சாத்தப்பர். "அரசே, ஒரு விஷயம். சேகண்டி வந்தபிறகு தங்கள் மீசை மிகவும் நரைத்துவிட்டது."

"என்ன சொன்னீர்!" அரசனுக்குச் சுருக்கென்று கோபம். பஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விருபாட்சரும் புஸ் புஸ் என்று இரைத்தார். அதைப் பார்த்த அரசனுக்குச் சிரிப்பு வந்தது. பஞ்சு கூத்தாடியது. விருபாட்சரின் தலைப்பாகை நழுவியது, முகம் சிவந்தது.

"அரசே... கொஞ்சம்... மெதுவாக..."

"அவரால் முடியவில்லை, பாவம். கோலப்பா, சீவாளியை வாங்கிக்கொள். நேற்றைய குற்றத்தை அப்படியே செய்துகாட்டு," என்றார் சாத்தப்பர்.

கோலப்பன் ஊதினான். நீலாம்பரி முகிலோடு முகிலாக உள்ளே வந்தது. காவலர்களின் வேல்கள் லேசாகச் சாய்ந்தன. அரசன் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். அது வந்தது, போனது. யாரும் தட்டவில்லை, அவனும் ஏவவில்லை. வருவதும் போவதும் தானாக நீண்டுகொண்டே போயின. தோள்கள் இறங்கின. எத்தனையோ காலமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கனம் எழுந்து போனதுபோல் இருந்தது. தண்ணீரில் மிதப்பவன்போல அப்படியே இருந்தான்.

அப்போது ஒரு குறட்டை கேட்டது.

இரைத்துக் களைத்த விருபாட்சர் தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அரசன் மூச்சை இழுக்கும்போது அவர் விட்டார், விடும்போது இழுத்தார். சபை கலகலத்தது, கோலப்பனின் பிடி பாதியில் நின்றது. அவர் விழித்துப் பார்த்தபோது அரசன் எதிரில் நின்றான்.

"விருபாட்சரே, இவ்வளவு நேரம் யார் ஆணைப்படி மூச்சுவிட்டீர்?"

விருபாட்சர் தலைகுனிந்தார். "யார் ஆணைப்படியும் இல்லை அரசே. அது தானாக..."

"இரவில் நாடு முழுவதும் அப்படித்தான் விடுகிறது," என்றார் சாத்தப்பர். "தண்டிப்பதென்றால் எல்லோரையும் நாடுகடத்த வேண்டும். தங்களையும் சேர்த்து."

அரசன் வெட்கத்தோடு சிரித்தான். "என் மூச்சை இன்றுதான் பார்த்தேன். இத்தனை நாளும் அதை விரட்டிக்கொண்டிருந்தேன்." சேகண்டியை இறக்கச் சொன்னான். விருபாட்சரின் பட்டம் போனது. அவரே ஒப்புக்கொண்ட நாடுகடத்தலை மன்னித்து, தினமும் கோலப்பன் வாசிக்கும்போது எதிரில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கேட்கவேண்டும் என்று உத்தரவானது. சாத்தப்பர் கழுத்தில் தன் முத்துமாலையைப் போட்டான்.

"கோலப்பா, உனக்கு என்ன வேண்டும்?"

"அந்தப் பிடிய முடிக்க விட்டாப் போதும் மகாராசா."

"முடி."

கோலப்பன் நாதசுரத்தை உதட்டில் வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். யாரும் சொல்லாமலே, அந்தச் சபை மொத்தமும் அவனோடு சேர்ந்து மூச்சை இழுத்தது.