மேல போடுற அங்கி

பங்குக் கோயில் சாமியார் இஞ்ஞாசிக்கு வயசு முப்பத்தி நாலு. அவருக்கு சீடனா வந்து சேர்ந்த கஸ்பார் சாமியாருக்கு அறுபத்தி நாலு. என்னத்தச் செய்ய, இந்தக் கதையில சீடனுக்குத்தான் நரை.

கஸ்பார் முன்னாடி போலீஸ் ஏட்டு. பொஞ்சாதி காலமாயிட்டா, மகளையும் கட்டிக் கொடுத்தாச்சு. காக்கியக் கழட்டி வச்சிட்டு, சாமியாராகப் படிக்க குருமடத்துல போய்ச் சேர்ந்தாரு. குருப்பட்டம் வாங்கின கையோட இந்தக் கடற்கரைப் பங்குக்கு உதவிச் சாமியாரா வந்தாரு. காக்கி போச்சு, வெறப்பு போகல. ஜெபமாலைய உருட்டுறதக்கூட லத்தி புடிச்ச கையாலதான் உருட்டுவாரு.

முதல் பிரசங்கத்துலயே வம்பு. பின்னாடி தூணுல சாஞ்சு நின்ன சவேரி, நல்ல போதையில, "ஏட்டய்யா, என் கேசுக்கு எப்ப வாய்தா?"ன்னு கத்துனான். பாட்டுக்கார அக்காமாரெல்லாம் முக்காட்டுக்குள்ள சிரிச்சாங்க. கஸ்பாருக்கு அது நெஞ்சுல முள்ளாத் தைச்சிருச்சு.

இப்ப அந்த சவேரி செத்துட்டான். குடிச்சுக் குடிச்சே ஈரல் போயி. பெட்டி கோயிலுக்குள்ள வந்தாச்சு. அடக்கப் பூசை வைக்கிற முறை கஸ்பாருக்கு.

"இன்னைக்கு ஊருக்கே பாடம் எடுக்கப்போறேன் சாமி. குடிச்சா கதி என்னன்னு பெட்டியக் காட்டியே பேசிடுறேன்."

இஞ்ஞாசி பீரோவத் திறந்து ஊதா உடுப்ப எடுத்து வச்சாரு.

உடுப்பு அறை வாசல்ல சவேரி பொஞ்சாதி பிரகாசி வந்து நின்னா.

"சாமி, அவரு குடியப் பத்தி மட்டும் பேசாதீங்க. பொண்ணுங்க ரெண்டும் முன்னாடியே உக்காந்திருக்கு."

"உள்ளதச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கும்மா. போய் உக்காரு."

அவ போகல. முந்தானைய வாயில வச்சிகிட்டு வாசல்லயே நின்னா.

கஸ்பார் வெள்ளை அங்கியப் போட்டாரு, இடுப்புல கயித்தக் கட்டுனாரு. "ஜீன்ஸ் பேண்ட்டோட பிரசங்கம் பண்ற காலம் சாமி இது. நமக்கு மட்டும் எதுக்கு இத்தனை அடுக்கு?"

இஞ்ஞாசி அந்தக் கயித்து முடிச்சச் சரி பண்ணிவிட்டாரு.

அடுத்து கஸ்பார் பெரிய ஊதா அங்கியத் தலைவழியா மாட்டுனாரு. அதுக்கு மேல ஸ்டோலுங்கிற நீளப் பட்டைய எடுத்து, அதுல தச்சிருந்த சிலுவைய முத்தி, கழுத்துல தொங்கவிட்டாரு. மக கையால பூவேலை செஞ்சு கொடுத்த பட்டை. கண்ணாடியில பாத்தாரு. பழைய நெஞ்சு நிமிர்வு தானா வந்திருச்சு.

இஞ்ஞாசி கிட்ட வந்தாரு. ஸ்டோல உருவுனாரு. அங்கியையும் கழட்டுனாரு. ஸ்டோல மொதல்ல போட்டு, அதுக்கு மேல அங்கிய மாட்டிவிட்டாரு. பூவேலை முழுக்க உள்ள போயிருச்சு.

"என்ன சாமி, கைதி மாதிரி சோதனை போடுறீங்க?"

"ஏட்டய்யா, அந்தப் பட்டை என்னது? குருமடத்துல சொல்லிக் கொடுத்திருப்பாங்களே."

"குருவோட அதிகாரம்."

"மேல போட்டிருக்கிற அங்கி?"

"அன்பு. எல்லாத்தையும் மூடுறது. பரீட்சையில எழுதினேன், மார்க்கும் போட்டாங்க."

"ம்."

கஸ்பாருக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா விடல. "அதெல்லாம் சரி. ஸ்டேஷன்ல பட்டையும் வில்லையும் சட்டைக்கு வெளியதான் இருக்கும். உள்ள போட்டா எவன் பயப்படுவான்? இத மறைச்சிட்டா நமக்கு அதிகாரம் இருக்குன்னு சனங்களுக்கு எப்படித் தெரியும்?"

கோயில்ல பாட்டு ஆரம்பிச்சிருச்சு. இஞ்ஞாசி அங்கியோட தோள்பட்டைச் சுருக்கத்த நீவி விட்டாரு. வாசல் பக்கம் கண்ணக் காட்டுனாரு.

"அந்தம்மாவுக்குத் தெரியும் ஏட்டய்யா. அதனாலதான் பயந்துபோய் நிக்கிறாங்க. மேல என்ன போட்டுகிட்டு வரப்போறீங்கன்னுதான் பாத்துகிட்டு இருக்காங்க."