நடுச்சேலையில் ஒரு தாழம்பூ

“பதினொண்டு கோலம் கீறிப்போட்டன், ரீச்சர். பதினொண்டும் வேண்டாமெண்டால் வேற என்னத்தைக் கீறுறது?”

தர்மினி மெழுகுச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பன்னிரண்டாவதைக் கீறுங்கோ, அக்கா.”

சொல்லிக்கொடுக்கும் ரீச்சருக்கு வயது முப்பத்தொன்று. அக்காவுக்கு நாற்பத்தெட்டு.

அக்காவின் பெயர் யோகராணி. லண்டனில் இருபத்தாறு வருடம் திரைச்சீலைகளுக்குப் பூ வரைந்தவள். எந்தச் செடிக்கும் இரண்டு பாஷையில் பெயர் சொல்லுவாள். இனி ஊரோடு இருந்து, மெழுகும் சாயமும் போட்டுப் பத்திக் சேலை செய்வோம் என்று வந்து, தொண்டைமானாற்றுப் பக்கம் தர்மினியின் பட்டறையில் சேர்ந்து ஐந்து மாதம்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம். புதுக் கோலம் ஒன்று வந்தால், அந்தச் சேலையைத் தர்மினியே உடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கவேண்டும். இறங்கினால் கோலம் சரி. இறங்காவிட்டால், அது கோலமே இல்லை.

யோகராணியின் கோலம் ஒன்றுகூட இன்னும் துணிக்கே வரவில்லை.

“வாற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி பிளேனுக்குப் புக் பண்ணிப்போட்டன். அதுக்குள்ள ஒண்டாவது ரோட்டுக்கு இறங்காட்டில் நான் போறன். பிறகு வரமாட்டன்.”

“போறது பிறகு. இப்ப உந்தக் காலை ஆட்டாதேங்கோ. மேசை ஆடுது, மெழுகு சிந்துது.”

“எருக்கலைக்கு என்ன குறை? அடம்பன் கொடிக்கு என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லை. உங்கட போன் படத்தில இருக்கிற மாதிரியே இருக்கு.”

யோகராணி கடதாசிகளை அப்படியே போட்டுவிட்டு வெளியே போனாள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. ஆற்றோரம் போய்த் திரும்பினாள், மறுபடியும் போனாள்.

மத்தியானம் வந்தபோது இரண்டு கையிலும் முழங்கைவரை இரத்தக் கோடுகள்.

“ஆர் கீறினது?” என்றாள் தர்மினி.

“தாழை. மணம் மட்டும் வந்துது, பூவைக் காணேல்லை. பற்றைக்குள்ள குனிஞ்சு, மடலைப் பிரிச்சுப் பிரிச்சுத் தேடித்தான் கண்டனான்.”

அந்த ஊரில் வரைவதும் கீறுவதுதான், முள்ளுக் கிழிப்பதும் கீறுவதுதான்.

தர்மினி அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இண்டைக்குத்தான் ஒழுங்காக் கீறுப்பட்டிருக்கு.”

ஆறு யார் நீள வெள்ளைத் துணியை எடுத்து யோகராணியின் மடியில் போட்டாள்.

யோகராணி தாழம்பூவைச் சேலையின் நட்டநடுவில் கீறி வைத்தாள். ஒரு முழ நீளம்.

“இந்தத் தரம் ஒருத்தரும் காணேல்லையெண்டு சொல்லக்கூடாது.”

தர்மினி அந்த இடத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு, “தேத்தண்ணி போடவோ?” என்று கேட்டாள்.

முதலில் மஞ்சள் தோய்த்தார்கள். மெழுகு மூடிய இடத்தில் அடுத்த சாயம் ஏறாது. அதனால் யோகராணி பூவை இதழ் இதழாக மெழுகால் மூடினாள். பிறகு கரும்பச்சை. பிறகு கொதிதண்ணீர். மெழுகு கழன்றதும், முள் மடல்களுக்கு நடுவே பூ மஞ்சளாக நின்றது.

பயணத்துக்கு முதல்நாள், வியாழக்கிழமை, சேலை காய்ந்தது.

தர்மினி அதைச் சட்டைக்கு மேலேயே சுற்றினாள். இடுப்பில் செருகிக் கொய்யகம் பிடித்தாள். ஒரு மடிப்பு. இரண்டு. ஏழாவது மடிப்பில் பூ முழுக்க உள்ளே போய்விட்டது.

முன்னால் வெறும் பச்சை.

யோகராணி நிமிர்ந்து தர்மினியைப் பார்த்தாள்.

“தெரிஞ்சும் சொல்லேல்லை நீங்கள்.”

“என்னத்தை?”

“கொய்யகத்துக்குள்ள போகுமெண்டு.”

“சேலை உடுத்து எத்தினை வருசம், அக்கா?”

“சிரிக்காதேங்கோ. நான் மேசையில விரிச்சு வைச்சுத்தான் பார்த்தனான். கழட்டுங்கோ. நாளைக்கு நான் போறன்.”

தர்மினி செருப்பைப் போட்டாள்.

“எங்க போறியள்?”

“வெங்காயம் முடிஞ்சுது.”

ரோட்டுக்கு இறங்கிவிட்டாள்.

“ரீச்சர், என்னைப் பார்த்து இரங்கி இறங்காதேங்கோ. எனக்கு அது வேண்டாம்.” யோகராணி பின்னால் ஓடினாள். “பூவைத் தலைப்புக்கு மாத்தித் தாறன். பயணத்தைத் தள்ளிப் போடுறன். பட்டறைக்கு வாங்கோ.”

சந்தியில் மரக்கறி விற்கும் பவளம் தராசைக் கீழே வைத்தாள்.

“நில்லு பிள்ளை. என்னவோ மஞ்சளா மின்னினது.”

தர்மினி நின்றாள். கொய்யகம் நேராக விழுந்தது.

“ஒண்டையும் காணேல்லையே. நட பாப்பம்.”

நடந்தாள்.

“அந்தா. நில்லு. சீ, ஒளிச்சிட்டுது. நட.”

பவளம் எழுந்து வந்துவிட்டாள். மிளகாய் வாங்க நின்ற இரண்டு பேரும் வந்தார்கள். பவளம் இடுப்பில் ஒரு கையை ஊன்றி, குனிந்து, மடிப்புகளுக்குள் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நடந்தாள். மணம் பிடிப்பதுபோல் ஒருதரம் மூக்கை உறிஞ்சினாள்.

“தாழம்பூவெல்லோ இது.”

யோகராணி பவளத்தின் குனிந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆரடி பிள்ளை இதைக் கீறினது?”

தர்மினி நின்று, யோகராணியைத் திரும்பிப் பார்த்தாள். பூ உள்ளே போய்விட்டது.

“நிக்காதேங்கோ, ரீச்சர்,” என்றாள் யோகராணி. “நடவுங்கோ.”