பாதி வழியில் ஒரு பண்டமாற்று

"சாமி, இந்த மணலுக்குக் கால் இருந்தால் அதுவே காசிக்குப் போயிருக்கும். எனக்குக் கால் இருப்பதுதான் தப்பாகப் போயிற்று" என்றார் அம்பலவாணர்.

குரு பசுபதி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, சீடரின் குதிகால் கொப்புளத்துக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்.

அம்பலவாணர் ராமநாதபுரத்தில் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்தவர். வாரம் ஒரு முறையாவது அதை நினைவூட்டுவார்.

அவர் தோள்பையில் இருந்தது ராமேஸ்வரத்து மணல். அதை நடந்தே கொண்டுபோய்க் கங்கையில் சேர்க்க வேண்டும் என்பது அவர் மனைவி சொர்ணத்தின் வேண்டுதல்.

சொர்ணம் இருந்தபோது, வக்கீல் இரண்டு ரயில் டிக்கெட் எடுத்துவந்து நீட்டினார்.

"ரயில்ல போனா போய்ச் சேர்ந்துடுவோமே" என்று அவள் மறுத்துவிட்டாள்.

அதில் தர்க்கமே இல்லை என்று வக்கீல் அன்றே எடுத்துரைத்தார். அவள் போன பிறகு, தர்க்கம் இல்லாமலே கிளம்பிவிட்டார்.

பாதி நாடு பின்னால் போய்விட்டது. எதிரே கோதாவரிப் பாலம்.

பாலத்தின் மேல் ஒருவர் நொண்டியபடி வந்தார். பெயர் கேதாரம். காசியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கையில் வாய் அடைத்த கங்கைச் செம்பு. ராமேஸ்வரத்துக்கு நடக்கிறார். முழங்கால் வீங்கியிருந்தது.

இருவரும் உட்கார்ந்து கால்வலியைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். வேறு எதைப் பேசியிருந்தாலும் இவ்வளவு நெருங்கியிருக்க மாட்டார்கள்.

திடீரென்று வக்கீல் நிமிர்ந்தார்.

"என் மணல் காசிக்குப் போக வேண்டும். உங்களுக்குக் காசிதான் வீடு. உங்கள் தண்ணீர் ராமேஸ்வரம் போக வேண்டும். எனக்கு அது பக்கத்து ஊர். மாற்றிக்கொள்வோம்."

நடந்தே போவதாக அல்லவா வேண்டுதல் என்று கேதாரம் தயங்கினார்.

"தெற்குப் பாதியை நான் நடந்துவிட்டேன். வடக்குப் பாதியை நீங்கள் நடந்துவிட்டீர்கள். முழுப் பாதையும் நடந்தாகிவிட்டது. மிச்சத்துக்கு ரயில்."

இருவரும் பசுபதியைப் பார்த்தார்கள்.

"வாதத்தில் ஓட்டையே இல்லை" என்றார் பசுபதி.

குரு அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. வக்கீலுக்குக் கொப்புளம்கூட மறந்துவிட்டது. பையும் செம்பும் கை மாறின. மூவரும் கட்டுச்சோறு சாப்பிட்டார்கள். நிழலில் கொஞ்சம் கண்ணயர்ந்தார்கள்.

வக்கீல் விழித்தபோது, பசுபதி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

"சாமி, தெற்கு இந்தப் பக்கம்."

"தெரியும், ஐயா."

"வேண்டுதல்தான் முடிந்துவிட்டதே?"

"முடிந்துவிட்டது" என்றார் பசுபதி. "இனி நிம்மதியாக நடக்கலாம்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாகவும் போகவில்லை.

வக்கீல் செம்பை அணைத்துக்கொண்டு நின்றார். தெற்கே பார்த்தார். வடக்கே பார்த்தார்.

பின்னால் கேதாரம் மெல்லக் கனைத்தார். மணல் பையை நீட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க, வக்கீல் சார். செம்பைக் குடுத்துடுங்க. நான் இன்னும் கடலையே பார்த்ததில்லை."