எறும்பு எந்தப் பக்கம் போச்சு?

கல்வி அதிகாரி தணிகாசலம் வந்தால் கரும்பலகைகூட விறைப்பாக நிற்கும். அன்று அவர் நுழைந்தபோது, ஏழாம் வகுப்பில் பிள்ளைகளே செல்போனில் எடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் வெல்லம், மறுபக்கம் கருவாடு, நடுவே ஓர் எறும்பு.

"பாட நேரத்துல சினிமாவா? இதைப் பார்த்தா யாருக்காவது எதையாவது தெரிஞ்சுக்கணும்னு தோணுமா? ஒரே நிமிஷத்துல நிரூபிங்க. இல்லேன்னா இனிமே இது கிடையாது!"

படமெடுத்த மாணவி இசக்கித்தாய் எழுந்து, எறும்பு திரும்பப்போகும் நொடியில் படத்தை நிறுத்தினாள்.

"நிறுத்திட்டேன் சார்."

"அப்படி வா வழிக்கு!" என்று வாசல்வரை போன அதிகாரி நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, அந்த எறும்பு எந்தப் பக்கம் போச்சு?"

இசக்கித்தாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நீங்க குடுத்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவே இல்லை சார்."