தாய்மாமன் எடுத்த ரிட்டர்ன் டிக்கெட்

தென்காசிப் பக்கம் பூவன்குறிச்சி என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு அறிவு குறைச்சல் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். அறிவு வேண்டிய மட்டும் இருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி செய்வதிலேயே அது முழுவதும் செலவாகிப் போகிறது, அவ்வளவுதான். இதைச் சொல்கிறவனும் அதே ஊர்தான் என்பதால் கேட்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

ஊரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஆவுடையப்பனுக்கு ஒரே தங்கை. அவள் புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட, அவள் மகள் மங்கையர்க்கரசியைத் தோளில் தூக்கி வளர்த்தது இந்த மாமன்தான். மங்கை படித்தாள், சீமைக்குப் போனாள், அங்கேயே வேலை பார்த்தாள், அங்கேயே நிமலன் என்ற பையனைப் பிடித்துப்போய்க் கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. நிமலனின் அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள். பையன் ரொம்பப் படித்தவன், அதிகம் பேசமாட்டான் என்று கேள்வி.

கல்யாணம் லெஸ்டர் என்ற ஊரில். அங்கெல்லாம் மண்டபம் கிடைக்கிற நேரம்தான் முகூர்த்தம். பிற்பகல் மூன்றுக்கு மேல் நாலரைக்குள் நல்ல நேரமே என்று நம்மூர் ஜோசியரும் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டார்.

"தாலியை மாமா கையால எடுத்துக் குடுத்தாத்தான் கழுத்தை நீட்டுவேன்" என்று மங்கை சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட நாளிலிருந்து ஆவுடையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாலியைப் பட்டுத் துணியில் சுற்றிச் சட்டையின் உள்பையில் வைத்து, பையின் வாயை ஊக்கால் குத்திக்கொண்டார். விமானத்தில் நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்ததில், பக்கத்து சீட்டுக்காரர் இவருக்கு மாரடைப்பு என்று நினைத்துப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.

துணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஒன்றுவிட்ட அண்ணன் பேச்சிமுத்து. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் என்று வந்துவிட்டால் அவர் சொன்னதுதான் சட்டம். இன்னொருவர் ஆவுடையப்பனின் மச்சினன் இசக்கியப்பன். மூன்றாவது தடவையில் பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் தேறியவர் என்பதால் மொழிபெயர்ப்பு அவர் பொறுப்பு.

விசா இழுத்தடித்ததில் பர்மிங்ஹாம் விமான நிலையத்தில் மூவரும் இறங்கியதே கல்யாணத்தன்று காலையில்தான். நிலையத்தின் இலவச வைஃபையில் போன் உயிர் பெற்றது. மங்கையின் குரல் செய்தி வந்திருந்தது. மூவரும் தலையைச் சேர்த்துவைத்துக் கேட்டார்கள்.

"மாமா, டாக்ஸி பக்கமே போகாதீங்க, கொள்ளை விலை. ரயில்ல வந்தா மலிவா வந்துரலாம். காலையில கூட்ட நேரத்துல டிக்கெட் விலை கூட, அதனால ஒன்பதரைக்கு முன்னால எதுலயும் ஏறாதீங்க. அங்கேருந்து ஸ்டேஷனுக்கு ஒரு குட்டி ரயில் ஓடும், அது சும்மா. ஸ்டேஷன்ல ரிட்டர்ன் டிக்கெட்டா எடுத்துருங்க. பர்மிங்ஹாம் பெரிய ஸ்டேஷன்ல இறங்கி மாத்திக்கிடுங்க. லெஸ்டர் ஸ்டேஷனுக்கு வெளியே ஆள் நிக்கும்."

"பிள்ளைக்கு எவ்வளவு அறிவு பாத்தியளா" என்று ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது எட்டு மணிகூட ஆகவில்லை. குட்டி ரயிலுக்குப் போக ஒரு நகரும் படிக்கட்டு இருந்தது. பேச்சிமுத்து அதன் முன்னால் கையைக் குறுக்கே நீட்டி இருவரையும் தடுத்தார்.

"எதுலயும் ஏறக் கூடாதுன்னாளே."

"படி தானா போகுது அண்ணாச்சி. நாம சும்மா நின்னாப் போதும்" என்றார் ஆவுடையப்பன்.

"நின்னாலும் மேல போயிருவோம்லா? மேல போனா ஏறுனதுதான்."

இசக்கியப்பன் பக்கத்திலிருந்த நாற்காலியைக் காட்டினார். "அப்ப அதுல உக்காருவமா?"

"தரையை விட்டு எழும்பித்தானே உக்காரணும்? அதுவும் ஏத்தம்தான்."

மூவரும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். துப்புரவு வேலை பார்க்கும் அம்மாள் ஒருத்தி இரக்கப்பட்டு நாற்காலியைக் காட்டினாள். "நோ மேடம். பிஃபோர் நைன் தர்ட்டி, ஒன்லி ஃப்ளோர்" என்றார் இசக்கியப்பன். அவள் இவர்களைச் சுற்றி வளைத்துத் துடைத்துவிட்டுப் போனாள்.

ஒன்பதரை அடித்ததும் எழுந்து ஓடிப்போய்க் குட்டி ரயிலில் ஏறினார்கள். ஏறிய வேகத்தில் ஸ்டேஷன் வந்துவிட்டது. பேச்சிமுத்து இறங்கவில்லை.

"சும்மா ஓடுதுன்னாளே, அதுக்குள்ள இறங்கினா எப்படி? மலிவா வரணும்னு சொல்லியிருக்கா. இதைவிட மலிவு உலகத்துல உண்டுமா?"

"அதுவும் சரிதான் அத்தான்" என்றார் இசக்கியப்பன். "காசு குடுத்து ஏறப்போற ரயிலைவிட இதுல கூடப் போனாத்தானே நமக்கு லாபம்?"

நியாயமாகத்தான் பட்டது. விமான நிலையத்துக்கும் ஸ்டேஷனுக்குமாகப் போவதும் வருவதுமாக மதியம் நெருங்கும்வரை லாபம் பார்த்தார்கள். ஆவுடையப்பன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, "முகூர்த்தம், முகூர்த்தம்" என்று அரற்றத் தொடங்கிய பிறகுதான் மனமில்லாமல் இறங்கினார்கள்.

டிக்கெட் கொடுக்கிறவர், போக மட்டும் போதுமா என்ற அர்த்தத்தில், "சிங்கிளா?" என்று ஆரம்பித்தார்.

"நமக்கெல்லாம் கல்யாணம் ஆயிருச்சான்னு கேக்கான்" என்றார் இசக்கியப்பன்.

"எம் பொண்டாட்டி கூடப்பிறந்தவன் நீ. நீயே சொல்லு" என்றார் ஆவுடையப்பன்.

"நோ சிங்கிள் சார். ஆல் த்ரீ மேரீட்."

டிக்கெட்காரர், ரிட்டர்ன் வேண்டுமென்றால் இன்றைக்கே திரும்புவது ஒரு விலை, இன்னொரு நாள் திரும்புவது ஒரு விலை என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். பேச்சிமுத்து முன்னால் வந்து, "எது மலிவோ அது" என்றார். இன்றைக்கே திரும்பும் டிக்கெட் கையில் வந்தது.

பெரிய ஸ்டேஷனில் இறங்கியபோது லெஸ்டர் ரயில் எதிரிலேயே நின்றது. மூவரும் அதன் பக்கம் போகவில்லை. பெட்டியைத் திறந்தார்கள்.

"இறங்கி மாத்திக்கிடுங்கன்னாளே" என்று ஆவுடையப்பன் பட்டு வேட்டியை உதறினார். "கசங்கின பேண்டோட மண்டபத்துல போயி நின்னா மாமனுக்கு மரியாதை இருக்காதுன்னு யோசிச்சிருக்கா பாரு."

நல்ல குளிர். இருவர் துண்டைப் பிடித்து மறைக்க, ஒருவர் மாற்றுவது என்று ஏற்பாடு. காற்று துண்டைப் பிடுங்கப் பார்த்தது. ஆவுடையப்பன் ஒரு காலை வேட்டியிலும் ஒரு காலைப் பேண்டிலுமாக வைத்துக்கொண்டு தாலியைப் பழைய சட்டையிலிருந்து பட்டுச் சட்டைக்கு மாற்றி ஊக்கை அழுத்திக் குத்தியபோது, ரயில் அவர்களைத் தாண்டிப் போனது. ஜன்னல் வழியாக ஒரு குழந்தை கை ஆட்டியது. இவரும் ஆட்டினார். ஓடிவந்த ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் மூவரும் உடுத்தி முடிக்கும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, அடுத்த ரயிலில் தாமே கூட்டிப்போய் ஏற்றிவிட்டார்.

ஒருவழியாக லெஸ்டர் வந்தது. முகூர்த்தத்துக்கு நேரம் தாராளமாக இருந்தது. ஆவுடையப்பன் வெளிவாசலைப் பார்த்து நடந்தார். பேச்சிமுத்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்கலே போற? டிக்கெட்டைப் பாரு. ரிட்டர்ன். இன்னைக்கே திரும்பணும்."

"கல்யாணம் அண்ணாச்சி!"

"நான் டிக்கெட் கிழிச்சுப் பிழைச்சவன். ரிட்டர்ன்னு எடுத்துட்டுத் திரும்பாம இருந்தா செக்கிங்ல நிக்க வச்சுருவான். தாலியோட போலீஸ் ஸ்டேஷன்ல உக்காரப் போறியா?"

ஆவுடையப்பனுக்கு மங்கையின் கழுத்து ஒருபக்கம், மங்கையின் சொல் ஒருபக்கம். "ரிட்டர்ன் எடுக்கச் சொன்னது அவதானே. திரும்பச் சொல்லணும்னா ஏதாவது காரணம் இருக்கும்லா?" என்று இழுத்தார்.

இசக்கியப்பனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. "அத்தான், நம்மூர்ல சீர் கொண்டுவர்ற தாய்மாமன் தானா மண்டபத்துக்குள்ள நுழைவானா? மாப்பிள்ளை வீட்டுக்காரன் எதிர்கொண்டு வந்து அழைக்கணும். நாமளா போயி நின்னா சோத்துக்கு அலைஞ்சவன் மாதிரி இருக்காது? ஊர் எல்லையைத் தொட்டுட்டுத் திரும்பிருங்க, நாங்க வந்து கூப்பிடுதோம்னு அவ நாசூக்காச் சொல்லியிருக்கா."

இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? ஆவுடையப்பன் குனிந்து லெஸ்டர் பிளாட்பாரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெளிவாசலில் ஒருவன் இவர் பெயரை எழுதிய அட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்க, மூவரும் உள்ளேயே மேம்பாலம் ஏறி மறுபக்கம் இறங்கி, வந்த வழியே கிளம்பினார்கள். திரும்பும்போதும் பெரிய ஸ்டேஷனில் இறங்கி, பட்டு வேட்டியிலிருந்து பேண்டுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

விமான நிலைய ஸ்டேஷனில் இறங்கிக் குட்டி ரயிலில் ஏறியதும் வைஃபை வந்தது, வைஃபையோடு மங்கையும் வந்தாள்.

"மாமா! எங்க இருக்கீங்க?"

"ஏர்போர்ட்டுல தாயி."

"இன்னும் கிளம்பவே இல்லையா?"

"வந்துட்டுத் திரும்பிட்டோம்மா. நீ சொன்ன மாதிரியே."

அந்தப் பக்கம் யாரோ மேளத்தை நிறுத்தச் சொல்வது கேட்டது. பிறகு மங்கையின் குரல், அழுகையை அடக்கிக்கொண்டு. "மாமா, நாங்க வரோம். இருக்கிற இடத்தை விட்டு அசையாதீங்க. கேக்குதா? அசையவே கூடாது."

"அசையமாட்டேன் தாயி" என்று ஆவுடையப்பன் சத்தியம் செய்தார்.

அவர் அப்போது இருந்த இடம் குட்டி ரயிலின் மூலை சீட். ரயில் விமான நிலையத்துக்குப் போனது, அவர் அசையவில்லை. ஸ்டேஷனுக்குத் திரும்பியது, அப்போதும் அசையவில்லை.

"அண்ணாச்சி, நாம அசைஞ்சுக்கிட்டேதானே இருக்கோம்?" என்று பயத்துடன் கேட்டார்.

"நாம எங்க அசையுதோம்? வண்டிதான் அசையுது" என்றார் பேச்சிமுத்து.

விமான நிலையம் முழுக்கத் தேடி மங்கை குட்டி ரயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது நாலேகால் தாண்டிவிட்டது. மணப்பெண் கோலத்தில் அவள், மாலையோடு நிமலன், அட்சதைத் தட்டோடு ஐயர், பின்னால் மூச்சிரைக்க, முன்பே மகளிடம் வந்துவிட்டிருந்த ஆவுடையப்பனின் தங்கை. கதவு திறந்தது, கண்ணெதிரே மாமா தெரிந்தார், "இறங்குங்க மாமா" என்று அவள் கத்துவதற்குள் கதவு மூடி ரயில் போய்விட்டது. இரண்டு தடவை இப்படி ஆயிற்று. அசையாதே என்ற சொல்லை மீற மாமாவுக்கு மனம் வரவில்லை. மூன்றாவது தடவை நால்வரும் உள்ளே பாய்ந்தார்கள்.

"நாலரை ஆகப்போறது. மண்டபமாவது மண்ணாவது, தாலியை எடுங்கோ!" என்றார் ஐயர்.

ஆவுடையப்பன் நெஞ்சில் கை வைத்தார். பேண்டுக்கு மாறியபோது மறுபடியும் இடம் மாற்றிக் குத்திய ஊக்கு, வளைந்து போய்த் திறக்க மறுத்தது. இழுத்தார், கடித்தார். "பாவி, நான் கெடுத்துட்டேனே தாயி" என்று குழந்தை மாதிரி அழுதுவிட்டார். நிமலன் குனிந்து, நிதானமாக ஊக்கை நிமிர்த்திக் கழற்றினான். பட்டுத் துணி வெளியே வந்தது. மாமன் தன் கையாலேயே தாலியை எடுத்துக் கொடுத்தார். பெட்டிகளோடு நின்ற வெள்ளைக்காரப் பயணிகள் ஐயர் கொடுத்த அட்சதையை, எதற்கென்று தெரியாமலே சந்தோஷமாகத் தூவினார்கள். ஸ்டேஷன்வரை போய்த் திரும்பிய ரயில் மறுபடி விமான நிலையத்துக்குள் நுழையும்போது மூன்றாவது முடிச்சு விழுந்தது.

மங்கை மாமாவின் காலில் விழுந்து எழுந்தாள். "சீக்கிரம் இறங்குங்க மாமா. மண்டபத்துல எல்லாரும் காத்திருக்காங்க. வெளியே டாக்ஸி நிக்கி."

ஆவுடையப்பன் திடுக்கிட்டார். "டாக்ஸியா? கொள்ளை விலைன்னு நீதானே தாயி சொன்ன?"

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். நிமலன் கதவருகில் நின்று ஏதோ யோசித்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"மாமா, இது சும்மாதானே ஓடுது?"

"ஆமா மாப்ளே. பைசா கிடையாது."

"அப்ப இன்னொருக்கா போயிட்டு வருவமே?"

ஆவுடையப்பன் அவனை அப்படியே கட்டிக்கொண்டார். "சீமையில பிறந்தவன், எப்படி இருப்பானோன்னு பயந்தேன். நம்மூர்ப் பிள்ளை மாதிரியேல்லா இருக்கான்!"

கதவு மூடியது. வெளியே டாக்ஸியின் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.